கூறை வாங்கப் போய் வாத்தியார் ஆனேன்

பிறவியில் ஆங்கிலம் வாய்க்காதவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே இத்தனை காலம் வயிற்றைக் கழுவி வந்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால் காஞ்சிபுரத்தில் என்பேன். கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டுவார். அந்தக் காலத்துப் பெரிய கல்விச்சாலை ஏதோ அங்கே இன்னும் நடப்பதாக நினைத்துக்கொள்கிறார் போலும். நான் திருத்துவதில்லை. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் பாடம் நடத்தித்தான் என் உத்தியோகம் ஆரம்பித்தது என்று விளக்கப் போனால் நேரம் பிடிக்கும். இப்போது நேரம் இருக்கிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் அண்ணைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணுக்குக் கூறைச் சேலை கொடுப்பது மாப்பிள்ளை வீட்டாரின் பொறுப்பு. அதைக் காஞ்சிபுரத்தில் நெய்வித்துத்தான் கொடுப்பேன் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மாற்ற முடியாது. போய் வாங்கிவர ஓர் ஆள் வேண்டும். அண்ணை மாப்பிள்ளை, அவர் அசையக் கூடாது. மாமாவுக்கு முழங்கால் வலி. வேலைவெட்டி இல்லாமல் மூன்று வேளையும் நேரம் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அம்மா வாசல் படலையடியில் நின்று அழுதார். எனக்காகவா சேலைக்காகவா என்று இன்றுவரை தெரியாது.

கடலில் எனக்கு நேர்ந்ததைச் சாப்பிடும் நேரத்தில் யாராவது படிக்கக்கூடும் என்பதால் விட்டுவிடுகிறேன். இந்தியக் கரையில் என் மானம் முதலில் போனது வாலாஜாபாத் ரயில் நிலையத்தில். ரயில் நின்றதும் இறங்கி, "ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மலையாளமா சார்?" என்றார். இல்லை, இது தமிழ்தான் என்று நான் அவருக்கு நிரூபித்துக்கொண்டிருந்தபோது ரயில் போய்விட்டது. என் பெட்டியும் அதோடு போய்விட்டது. தேநீர் நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் பால் விடாத தேயிலைச் சாயத்தைத் தனியாகக் குடித்துச் சீனியைக் கடிப்போம். இங்கே பால், சீனி, நுரை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே பஸ் ஏறினேன். அது ஐயம்பேட்டையில் புகை கக்கி நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். வேர்க்கடலை விற்கப் போய்க்கொண்டிருந்த விவசாயி ஒருவர் என் ஊரைக் கேட்டார்.

"சிலோனா! ரேடியோல சாயங்காலம் பேசுறாங்களே, அந்த சிலோனா? எங்க, அவுங்க மாதிரி கொஞ்சம் பேசிக் காட்டு பா!"

பஸ் முழுவதும் என்னைச் சுற்றி நின்றது. நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. யாராவது எதிர்பார்த்து நின்றால் என் நாக்கு உள்ளே சுருண்டு படுத்துக்கொள்ளும். அது சின்ன வயதிலிருந்தே இருக்கிற நோய். விவசாயி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வுடு, பயணக் களைப்பு" என்று ஒரு கைப்பிடி கடலை கொடுத்தார். காஞ்சிபுரம் ஸ்டேஷனில் என் பெட்டி எனக்கு முன்னால் வந்து, மாஸ்டர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் சைக்கிள் ரிக்‌ஷா பாதித் தெருவில் நின்றுவிட்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இடுப்புயரத்துக்குச் சிவப்புப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவி, இழை ஒட்டாமல் விரலால் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவு போட்டுக்கினு இருக்காங்க சார். எடுக்கற வரைக்கும் வண்டி போவாது" என்று ரிக்‌ஷாக்காரர் பீடியைப் பற்றவைத்தார்.

நான் கடல் கடந்து வந்தவன். ஒரு நூலைக் கடக்க முடியாதா? பெட்டியைத் தலையில் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, காலைத் தூக்கினேன். தெருவே அலறியது. ஒரு பெண் ஓடிவந்து என் பெட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"யோவ், நில்லுய்யா! கண்ணாலப் பொடவய்யா அது! சிலோன் ஆர்டரு!"

ஒற்றைக்காலில் நின்றபடியே எனக்கு இரண்டு விஷயம் விளங்கியது. நான் மிதிக்கப் போனது எங்கள் அண்ணியின் கூறை. தயாராக இருக்கிறது, ஆளை அனுப்புங்கள் என்று கடையிலிருந்து எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்த அந்தக் கூறை இன்னும் தறியிலேயே ஏறவில்லை.

கடை முதலாளி வேதாசலம் கொஞ்சமும் கலங்கவில்லை. "தயாரா இருக்குதுன்னுதானே எழுதினேன்? மனசுல தயாரா இருக்குது பா. இனிமே நெய்யறதுதான் பாக்கி" என்றார். கடைக்கு மேலே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரப் பெண்கள் இருவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கடைக் கணக்குப்பிள்ளையிடம் அர்த்தம் கேட்டேன். "பாவம், மாப்பிள்ளையே பொடவ வாங்க வந்துட்டாரு, அந்த ஊர்ல பொடவ எடுக்கப் பொம்பளைங்களே இல்ல போல" என்று பேசிக்கொண்டார்களாம்.

மறுநாள் காலை கோயில் இட்டிலி கொண்டுவந்து வைத்தார்கள். நான் பழகிய இட்டிலி உள்ளங்கையில் அடங்கும். இது முழங்கையளவு உருளை. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மூங்கில் குடலையில் இலை வைத்து அவித்து, துண்டு துண்டாக வெட்டித் தருகிறார்கள். முதல் துண்டில் இடியப்பத்தையும் சொதியையும் நினைத்து ஏங்கினேன். மூன்றாவது துண்டில் மறந்துவிட்டேன். நான்காவதைக் கேட்டபோது வேதாசலம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் வயிற்றைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது வேறு.

"சிலோன்காரங்களுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடுன்னு சொல்றாங்களே, மெய்தானா?"

வாய் நிறைய இட்டிலி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். என் வாழ்க்கையைத் தீர்மானித்த தலையாட்டல் அது. பள்ளிக்கூடத்தில் படித்த காலமெல்லாம் நான் உரக்கப் பேசிய ஆங்கிலம் "பிரசன்ட் சேர்" மட்டும்தான். படிக்க வரும், எழுத வரும். ஒரு வெள்ளைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் ஒரு கண்காட்சி. அங்கே தறி போட்டு, ஒரு நெசவாளி உட்கார்ந்து பட்டு நெய்து காட்ட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் கேட்பதற்கு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பதில் சொல்ல வேண்டும். அமாவாசைக்கு மறுநாள் மதராசிலிருந்து ஓர் அதிகாரியும், கண்காட்சி நடத்துகிற வெள்ளைக்கார அம்மாவும் வந்து ஆளைப் பார்ப்பார்கள். வேதாசலம் சொல்லி வைத்திருந்த ஆள் ஏகாம்பரம். எங்கள் கூறையை நெய்யப் போகிறவரும் அவர்தான்.

ஏகாம்பரத்துக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. முந்தைய வருடமும் இப்படித்தான் பார்க்க வந்தார்களாம். பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டதற்கு மனிதர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் விமானம் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து தெருவில் இவருக்கு ஊமை ஏகாம்பரம் என்று பெயர். டீக்கடையில் "ஊமைக்கு ஒரு டீ" என்கிறார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடந்து காட்டுகிறார்கள்.

"ஏரோப்ளேன் போனா இன்னா, போவாட்டி இன்னா சார்" என்றாள் அவர் மனைவி லோகநாயகி. தெருவில் என் பெட்டியைப் பிடித்து இழுத்தவள் அவள்தான். "அந்தப் பேரு போவணும். நாலு பேருக்கு முன்னாடி இவரு வாயத் தொறந்து பேசணும். அத நான் பாக்கணும்."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து, "அதுக்கென்ன, நான் பேச வைக்கிறன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். மாடிக்குப் போனதும் எனக்கு வியர்த்தது.

முதல் நாள் பாடத்தைக் கூடத்தில் பாய் விரித்து நடத்தினேன். ஏகாம்பரம் பாயில் கைகட்டி உட்கார்ந்து என்னைப் பயத்தோடு பார்த்தார். நான் அவரைப் பயத்தோடு பார்த்தேன். அதற்குள் எனக்கு இன்னொரு கணக்கு உறைத்தது. இவர் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தறி சும்மா கிடக்கிறது. தறி கிடந்தால் கூறை வளராது. கூறை வளராவிட்டால் அம்மா என்னை வீட்டில் ஏற்றமாட்டார். மாணவன் முன்னேற முன்னேற வாத்தியார் குடும்பம் நடுத்தெருவுக்கு வருகிற பள்ளிக்கூடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆகவே மறுநாள் முதல் பாடத்தைத் தறிக்கு மாற்றினேன். நெய்துகொண்டே படிக்கட்டும். இதை ஒரு பெரிய கல்வி முறையாக நான் பிற்காலத்தில் பல மேடைகளில் விளக்கியிருக்கிறேன். உண்மையில் அது சேலைக்கு அவசரப்பட்டவன் செய்த ஏற்பாடு.

அந்தத் தறியில் வேலை நடக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கூறைக்கு உடல் ஒரு சிவப்பு, கரை வேறு நிறம். அப்படி உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் ஒருவர் நெய்ய முடியாது. ஏகாம்பரம் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து உடலுக்கான நாடாவை, ஊடு நூல் வைத்த மரக்கட்டையை, எறிவார். வலது ஓரத்தில் லோகநாயகி உட்கார்ந்து, எதிரே கரை நாடாவை எறிந்து, இரண்டு நூலையும் ஒன்றோடொன்று கோத்து விடுவாள். அதற்குக் கோர்வை என்று பெயர். அவர் எறிய, அவள் கோக்க, இழையை நெருக்கிப் பலகை அடிக்க. அவள் கோக்காமல் அவர் அடுத்த இழைக்குப் போகமாட்டார்.

பாடம் மளமளவென்று ஏறியது. நான் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொல்வேன். தறி ஓடத் தொடங்கும்.

"மை நேம்" என்று நாடாவை எறிவார் ஏகாம்பரம்.

"இஸ் ஏகாம்பரம்" என்று கோப்பாள் லோகநாயகி.

"திஸ் சில்க்" என்பார் அவர். "இஸ் ஃப்ரம் காஞ்சிபுரம்" என்பாள் அவள். பலகை அடிக்கும். குரலில் ஒரு நடுக்கமில்லை. நான் பூரித்துப்போனேன். இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறார்கள், நல்லதுதானே, அவளுக்கும் நாலு எழுத்து தெரியட்டும் என்று நினைத்தேன். அவர் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை, அவள் ஒன்றைக்கூடத் தொடங்கவில்லை என்பது சுவரோரம் உட்கார்ந்திருந்த மேதைக்குப் படவேயில்லை. கூறை நாளுக்கு நாள் வளர்ந்தது. நான் இட்டிலியில் வளர்ந்தேன். டீக்கடையில் என்னை "சார்" என்றார்கள். கண்ணாடி முன் நின்று வாத்தியார் மாதிரி இருமிப் பார்த்துக்கொண்டேன்.

அமாவாசை வந்தது. காஞ்சிபுரத்தில் அன்று தறி ஓடாது. காலையில் எழுந்தபோது தெருவில் ஒரு பலகைச் சத்தம்கூட இல்லை. நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்கள், ஒரு முறை கேட்டுவிடலாம் என்று ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். லோகநாயகி ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போயிருந்தாள். இவர் வெள்ளை வேட்டி கட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"மை நேம்" என்றார் கம்பீரமாக. பிறகு வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"சொல்லுங்கோ, மை நேம்?"

"மை நேம்" என்றார் மறுபடியும். கை தானாக ஒரு நாடாவை எறிந்தது. "சார், அப்பறம் அவ சொல்லுவா சார்."

அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கலாம், வாய் பழகும் என்று நினைத்தேன். கோயில் குளத்தைச் சுற்றினோம். "மை நேம்" என்று வலது பக்கம் திரும்புவார். அங்கே ஒரு பூக்காரி. "திஸ் சில்க்" என்று திரும்புவார். அங்கே ஒரு எருமை. இரண்டிடமும் பதில் இல்லை. "இஸ் ஏகாம்பரம்" என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். அதைத் தனியாகச் சொன்னார். இரண்டையும் சேர்க்கச் சொன்னால் நடுவில் நின்றுவிடுவார்.

"அது அவ போடற எழ சார்" என்றார் பரிதாபமாக. "நான் போட்டா சிக்கிக்கும்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. ஊமை என்ற பெயரைத் துடைக்க வந்தவன் அதைப் பித்தளையில் பொறித்துக் கொடுத்திருந்தேன். சாயங்காலம் லோகநாயகி கோயில் குங்குமத்தோடு வந்து, "நாளைக்கு நல்லா சொல்லிடுவாரு இல்ல சார்?" என்றாள். குங்குமத்தை இட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ராச்சாப்பாட்டை வேண்டாம் என்றேன். வேதாசலம் பயந்து வைத்தியரைக் கூப்பிடவா என்று கேட்டார்.

மறுநாள் கார் வந்தது. தெருவே வாசலில் கூடிவிட்டது. அதிகாரி கையில் கோப்பு வைத்திருந்தார். வெள்ளைக்கார அம்மா வயதானவர். பருத்திப் புடவை கட்டி, அது அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தார். ஏகாம்பரத்தை வாசலுக்கு அழைத்து நிற்க வைத்தார்கள். லோகநாயகி உள்ளே தறி ஓரத்தில், தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி பெயரைக் கேட்டார்.

"மை நேம்" என்றார் ஏகாம்பரம். வலது பக்கம் திரும்பினார். நின்றார்.

கூட்டத்தில் ஒரு பையன் வாயைப் பொத்திக் காட்டினான். யாரோ சிரித்தார்கள். அப்போது உள்ளேயிருந்து, தலையைக்கூடத் தூக்காமல், லோகநாயகியின் குரல் வந்தது.

"இஸ் ஏகாம்பரம்."

"யார் அது? அந்த அம்மாவ வெளிய வரச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். வெள்ளைக்கார அம்மா சிரித்த முகமாக, உன் பெயர் என்ன என்று கேட்டார். லோகநாயகி பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவருக்கு வாய் கட்டிப்போயிருந்தது. முன்பாதி வராது என்று தெரிந்ததும், தன்னிடம் இருந்ததை மட்டும் சொன்னாள்.

"இஸ் லோகநாயகி."

அதிகாரி கோப்பை மூடினார். "வேற ஆள் இருக்காங்களா?" என்று வேதாசலத்திடம் கேட்டார். வேதாசலம் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். "சார், நீங்க எடுத்து சொல்லுங்க சார்! சிலோன் வாத்தியார் இவரு!"

நான் என்ன சொல்வது? கையைக் கூப்பி, தறியைக் காட்டி, அவர்களைக் காட்டி, மறுபடி தறியைக் காட்டினேன். ஊமை நாடகம் எனக்கு நன்றாக வந்தது. வெள்ளைக்கார அம்மாவுக்குப் புரிந்தது. எல்லோரும் உள்ளே போனோம். ஏகாம்பரம் குழியில் இறங்கினார், லோகநாயகி ஓரத்தில் உட்கார்ந்தாள். தறி ஓட ஆரம்பித்தது. நாலு இழை போனதும் அவர் தோள் இறங்கியது, மூச்சு சீராயிற்று.

வெள்ளைக்கார அம்மா குனிந்து பார்த்தார். பிறகு அவர்களிடம் கேட்காமல் என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், ஏன் இதற்கு இரண்டு பேர் என்றார்.

நான் சொல்லிக்கொடுத்ததிலேயே உயர்ந்த வாக்கியம் அதற்குத்தான் இருந்தது. அதை நானே எழுதி, நானே ரசித்து, இருபது தடவை சொல்ல வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"மேடம், திஸ் பார்டர்..."

அவ்வளவுதான். நாக்கு உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. ஐயம்பேட்டை புளியமரம் ஞாபகத்துக்கு வந்தது, ஆங்கிலம் வரவில்லை. தறி நின்றது. இரண்டு பேரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். அதிகாரி பார்த்தார். சன்னலில் தெரு முழுவதும் முகமாகத் தொங்கியது. இப்படிக் கொஞ்ச நேரம் போயிருந்தால் நான் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கியிருப்பேன்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தபடியே நாடாவை எறிந்தார்.

"திஸ் பார்டர் அண்ட் திஸ் பாடி" என்றார்.

"ஆர் வோவன் டுகெதர்" என்றாள் லோகநாயகி.

"ஒன் பர்சன்" என்றார் அவர், இன்னும் உரக்க.

"கேன்னாட் டூ இட்" என்றாள் அவள். பலகை அடித்தது.

வெள்ளைக்கார அம்மா கைதட்டினார். பிடித்திருந்த புடவையை விட்டுவிட்டுத் தட்டினார். பிறகு அதிகாரியிடம் அவர் சொன்னது, என் காதுக்கு எட்டிய அளவில், இதுதான்: "ஒருவரால் முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள். நாம் ஏன் ஒருவரை மட்டும் அழைக்கிறோம்?" மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார் அதிகாரி. நான் கேட்கிறேன் என்றார் அந்த அம்மா.

சில நாள் கழித்து வேதாசலம் செருப்பில்லாமல் ஓடிவந்தார். இரண்டு பேரும் போகிறார்கள். தெரு கூடிவிட்டது. லோகநாயகி அழுதுகொண்டே சிரித்தாள். "நான் எங்கங்க போவேன், எனக்கு வாந்தி வருமே" என்றாள். அந்த ஒரு விஷயத்தில் நான் அனுபவசாலி என்பதால் உலர்ந்த எலுமிச்சம்பழம் பற்றி விரிவாகச் சொல்லிக்கொடுத்தேன். நான் அந்த ஊரில் தடுமாறாமல் நடத்திய ஒரே பாடம் அதுதான்.

கூறையும் தறியிலிருந்து இறங்கியது. மடிக்கும்போது ஏகாம்பரம் கரையோரத்தில் ஓர் இடத்தை விரலால் தடவினார். உடலும் கரையும் கோக்காமல், நக அளவுக்கு ஒரு விரிசல். "அன்னிக்கு நீங்க பேசாம நின்னுட்டீங்களே, அப்ப வுட்ட எழ சார். ஒடல் நூலு போயிடுச்சு, இவ கரைய கோக்கல. பிரிச்சி நெய்யட்டா?" என்றார். அத்தனை நீளத்தையும் பிரித்து நெய்தால் முகூர்த்தத்துக்குப் போய்ச்சேர முடியாது. "வேண்டாம், விடுங்கோ" என்றேன்.

பஸ் நிலையத்துக்கு இருவரும் வந்திருந்தார்கள். பின்னாலேயே தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். பஸ் புறப்படும்போது அவர்கள் கோரஸாகக் கத்தினார்கள்:

"ஊமை சார்! போய்ட்டு வாங்க ஊமை சார்!"

"டேய், சாரப் போயி அப்டி சொல்லாதீங்கடா" என்று ஏகாம்பரம் அதட்டினார். அதட்டும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. லோகநாயகி சன்னலருகே வந்து இட்டிலிப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"சொல்லிட்டுப் போறாங்க சார். இவரு ரொம்ப நாளு அந்தப் பேர சொமந்துட்டாரு. கொஞ்ச நாள் நீங்க வெச்சிக்கோங்க" என்றாள்.

நான் வாங்கிக்கொண்டேன். பிற்பாடு எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதற்குத்தான் நான் உண்மையாக உழைத்திருக்கிறேன்.

கல்யாணத்தில் அம்மாவின் குரல்தான் மேளத்துக்கு மேலே கேட்டது. "இவன் இந்தியாவிலை, காஞ்சிபுரத்திலை, இங்கிலீஷ் படிப்பிச்சவன்" என்று பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு போனார். பெரிய கடைக்காரர் ஒருவர் கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் வந்தார். தன் கடைப் பெடியன்களுக்குப் பின்னேரத்தில் ஆங்கிலம் சொல்லித்தர முடியுமோ என்று கேட்டார். ஓம் என்று ஒப்புக்கொண்டேன். தலையாட்டலில் தொடங்கியது அப்படித்தான் உத்தியோகமாயிற்று. அவர்களை இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வைக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

அப்போது மணவறையை விட்டு இறங்கி அண்ணையும் அண்ணியும் அந்தப் பக்கம் வந்தார்கள். அண்ணி அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கூறையின் கரையை விரலில் பிடித்து, அந்த நக அளவு இடத்தை எனக்கு மட்டும் தெரியும்படி காட்டினார்.

"தம்பி, இதிலை என்ன நடந்தது?"

ஆங்கில வாத்தியாரான நான் வாயைத் திறந்தேன். தமிழும் வரவில்லை.